பூங்காவில் ஒரு புதிர் வைத்தால் என்ன குற்றம்?

ஜியோகேச்சிங் என்றொரு விளையாட்டு. நம் பூங்காக்களில் அதை நடத்தலாமே என்று காலை நடையில் சொல்லிப் பார்த்தேன். "வேலையற்ற வேலை" என்றார் ஒருவர். "பாம்பு கடிக்கும்" என்றார் இன்னொருவர். "வெடிகுண்டு என்று போலீஸ் வரும்" என்றார் மூன்றாமவர். மூவருக்கும் இங்கே பதில் சொல்லிவிடுகிறேன்.

முதலில் விளையாட்டு இன்னதென்று பார்ப்போம். அமெரிக்கா ஜி.பி.எஸ். சிக்னலைப் பொதுமக்களுக்கு வேண்டுமென்றே பிழையோடு கொடுத்து வந்தது. நூறு மீட்டர் வரை தப்பும். 2000 மே 2 அன்று அதை நிறுத்தினார்கள். மறுநாளே டேவ் உல்மர் என்பவர் ஆரிகன் மாநிலத்தில் ஒரு வாளியை ஒளித்து வைத்து, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை இணையத்தில் வெளியிட்டார். கண்டுபிடிப்பவர் உள்ளே உள்ள நோட்டில் பெயர் எழுத வேண்டும். ஒரு பொருளை எடுத்தால் இன்னொன்றை வைக்க வேண்டும். இதிலேயே புதிர் வகையும் உண்டு. விடுகதையோ கணக்கோ போட்டு விடை கண்டால்தான் இடத்தின் எண்கள் கிடைக்கும்.

இது வேலையற்ற வேலையா? நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். அங்கே இதற்கு மூத்த விளையாட்டு ஒன்று உண்டு, 'ழே த பீஸ்த்' என்பார்கள். ஒரு குறிப்பு அடுத்த குறிப்புக்கு அழைத்துப் போகும். தெருக்களை எங்களுக்கு மனப்பாடமாக்கியது அதுதான், பூகோளப் புத்தகம் அல்ல.

பாம்பு உண்மை. ஆகவே புதரில் வைக்க வேண்டாம், பெஞ்சுக்கு அடியில் வைக்கலாம். மண்ணைத் தோண்டிப் புதைக்கக் கூடாது, இடத்துக்கு உரியவரிடம் அனுமதி வாங்க வேண்டும் என்று அந்த விளையாட்டின் விதிகளே சொல்கின்றன.

வெடிகுண்டு பயமும் நியாயமே. சுரங்கமும் அனல் மின் நிலையமும் உள்ள ஊரில் கேட்பாரற்ற டப்பாவைக் கண்டால் யாருக்கும் பகீர் என்கும். அதற்கும் வழி இருக்கிறது. 2004 முதல் எர்த்கேச் என்றொரு வகை நடக்கிறது. அதில் டப்பாவே கிடையாது. இடத்துக்குப் போய், மண்ணையும் பாறையையும் பார்த்துக் கேள்விக்கு விடை எழுத வேண்டும். பழுப்பு நிலக்கரியால் பிழைக்கும் ஊருக்கு இதைவிடப் பொருத்தமானது எது?

இனி என் கேள்வி. நம் பிள்ளைகளுக்கு நெய்வேலி என்றால் வட்டத்தின் எண்தான். வேலுடையான்பட்டு என்றால் பங்குனி உத்திரம் என்பார்கள். சுரங்கத்துக்கு இடம் கொடுத்துவிட்டுப் போன கிராமங்களில் நாலு பெயரைச் சொல்லச் சொல்லுங்கள், திகைப்பார்கள். குமாஸ்தா வேலை பார்த்தவன் சொல்கிறேன்: ஊர் போனாலும் பழைய பதிவேட்டில் புல எண் கிடக்கும். அட்சரேகையும் அப்படித்தான். வீடும் கிணறும் இருந்த புள்ளி இன்று பள்ளத்துக்கு மேலே காற்றில் நிற்கிறது. அதன் எண்ணை எந்த இயந்திரத்தாலும் வெட்டியெடுக்க முடியாது.

அதைப் புதிராக்குங்கள். நிறுவனம் தொடங்கியது 1956. நேரு வந்து சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தது 1957. நிலக்கரி முதலில் கண்ணில் பட்டது 1961. கடைசி இலக்கங்களைச் சேர்த்தால் 671. பதினொரு டிகிரி, இத்தனை நிமிடம் என்பதற்குப் பின்னால் புள்ளி வைத்து அதை எழுதினால் அட்சரேகை வந்துவிடும். தீர்க்கரேகைக்கு, 'இந்தத் திசையில் முன்பு இருந்த ஊர் எது, அதன் பெயரில் எத்தனை எழுத்து?' என்று கேளுங்கள். அதற்குக் கூகுள் உதவாது. பையன் தாத்தாவிடம்தான் வர வேண்டும்.

வேலையில் ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்கிற ஊர் இது. தெரிந்தவர்கள் ஒவ்வொருவராகப் பெட்டி கட்டிக்கொண்டு போகிறார்கள், ஊர்ப்பெயர்களும் கூடவே போகின்றன. பிள்ளைகள் செல்போனை விட்டுத் தலை நிமிர்வதில்லை என்று தினமும் அலுத்துக்கொள்கிறோம். அந்தச் செல்போனே அவர்களை வெயிலில் நடக்க வைத்து நம்மிடம் கொண்டுவரும் என்றால், தடுப்பது என்ன புத்தி?

நாளைக் காலை நடைக்கு வருகிறவர்கள் ஒரு தாளும் பேனாவும் எடுத்து வாருங்கள். ஆளுக்கு ஓர் ஊர்ப்பெயராவது எழுதுவோம்.