மூக்குக் குழாய் வழியே ஒரு கருணை

கைதியின் கை, கால், தலை அனைத்தையும் நாற்காலியோடு வார்களால் இறுகப் பிணைக்கிறார்கள். மூக்கின் வழியே இரைப்பை வரை குழாயைச் செருகித் திரவ உணவை இறக்குகிறார்கள். குவாண்டனாமோ சிறையில் அமெரிக்க இராணுவம் இதற்குச் சூட்டிய பெயர் 'குடல்வழி உணவூட்டல்'. நோக்கம் உயிர் காப்பதாம்.

2013-இல் அங்கிருந்த 166 பேரில் 106 பேர் உண்ண மறுத்ததாக இராணுவமே கணக்குக் கொடுத்தது. நாற்பதுக்கும் மேற்பட்டோருக்குக் குழாய் செருகப்பட்டது. அந்த 166 பேரில் 86 பேரை வெளியே அனுப்பலாம் என்று அமெரிக்க அரசே முன்னர் முடிவு செய்திருந்தது. மிகப் பெரும்பாலோர் மீது குற்றச்சாட்டே கிடையாது. வழக்கும் இன்றி விடுதலையும் இன்றிப் பதினோர் ஆண்டுகள் அடைபட்டவனிடம் போராட எஞ்சியிருப்பது அவன் உடல் ஒன்றே.

அந்தப் போராட்டத்தின் பெயரைக்கூட ஏகாதிபத்தியம் விட்டுவைக்கவில்லை. 2013 டிசம்பரில் எண்ணிக்கை வெளியிடுவதை நிறுத்தினார்கள். புதிய நெறிமுறையில் 'உண்ணாநிலைப் போராட்டம்' மறைந்து, 'சமயம் சாராத நீண்டகால நோன்பு' முளைத்தது. தமிழில் பெயர்க்கப் புகுந்தால் சொல்லே முரண்டு பிடிக்கிறது: சமயம் சாராதது எப்படி நோன்பாகும்? போராட்டம் என்று ஒப்புக்கொண்டால் கோரிக்கை என்ன என்று உலகம் கேட்கும், அச்சம் அதுதான்.

'சாகட்டும் என்று விட்டுவிடுவதா?' என்று கேட்போர் உண்டு. தெளிந்த அறிவோடு உணவை மறுக்கும் கைதிக்குச் செயற்கையாக உணவூட்டக் கூடாது என்று உலக மருத்துவச் சங்கம் 1975-இல் டோக்கியோவிலேயே அறிவித்துவிட்டது. 1991-இன் மால்டா பிரகடனமும் கைதியின் முடிவை மதிக்கவே மருத்துவரைப் பணிக்கிறது. 1933-இல் அந்தமான் சிறையில் பகத்சிங்கின் தோழர் மகாவீர் சிங்கை அழுத்திப் பிடித்துக் குழாயில் பால் ஊற்றினார்கள். பால் நுரையீரலுக்குள் போய் அவர் மாண்டார். அன்றும் சொன்ன காரணம் உயிர் காப்பதுதான். மணிப்பூரின் இரோம் சர்மிளாவை ஆண்டுக்கணக்கில் மூக்குக் குழாயோடு காவலில் வைத்திருந்த இந்திய அரசு இவ்விஷயத்தில் வாய் திறக்காததில் வியப்பில்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. ஜெனீவா உடன்படிக்கைகளின் பொதுப் பிரிவு 3, பிடிபட்டவரை இழிவுபடுத்தி நடத்துவதைத் தடை செய்கிறது. அது இக்கைதிகளுக்கும் பொருந்தும் என்று அமெரிக்க உச்சநீதிமன்றமே 2006-இல் கூறியது; காவலை எதிர்த்து வழக்காடும் உரிமையை 2008-இல் ஏற்றது. ஆனால் 2013 ஜூலையில் கட்டாய உணவூட்டலை எதிர்த்துப் போன கைதியிடம், இது வேதனையும் இழிவும் தருவதுதான், ஆயினும் தடுக்க எமக்கு அதிகாரமில்லை என்றார் நீதிபதி. மறு ஆண்டு மேல்முறையீட்டு நீதிமன்றம் அதிகாரம் உண்டு என்றது, தடைதான் தரவில்லை. நாம் இப்படிப்பட்டவர்களா என்று 2013 மே மாதம் மேடையில் உருகிய ஒபாமாவின் வழக்கறிஞர்களே நீதிமன்றத்தில் குழாய்க்காக வாதாடினர்.

குற்றம் இருந்தால் பகிரங்க நீதிமன்றத்தில் சாட்டட்டும்; இல்லையேல் கதவைத் திறக்கட்டும். அதைச் செய்திருந்தால் குழாய்க்கு அங்கே வேலையே இருந்திராது.