சட்டம் போனது, தடை போகவில்லை!

ஊர் ஊராகப் போய்ச் சிரிக்க வைப்பது ஒரு பிழைப்பு. அதற்கு மேடை வேண்டும். மேடை கிடைக்காவிட்டால்?

அந்தக் காலத்தில் எம்.ஆர்.ராதா ஊர் ஊராகப் போய் நாடகம் போட்டார். மூடப்பழக்கத்தைக் கேலி செய்தார். எதிர்ப்பு கிளம்பியது. 1954-ல் நாடகச் சட்டம் வந்தது. நாடகத்தைத் தடுக்கும் அதிகாரம் சர்க்காருக்குக் கிடைத்தது.

அதை எதிர்த்து எழுத்தாளர் ஞாநி வழக்குப் போட்டார். சட்டத்தின் முக்கியப் பிரிவுகள் செல்லாது என்று 2013-ல் சென்னை ஐகோர்ட்டு தீர்ப்புக் கூறியது.

தொல்லை தீர்ந்ததா?

பக்கத்தில் உள்ள கர்நாடகத்தைப் பாருங்கள். முனாவர் பரூக்கி என்பவர் தனி ஆளாக மேடை ஏறி, மைக் பிடித்துச் சிரிக்க வைப்பவர். 2021 நவம்பர் 28-ந் தேதி பெங்களூரில் அவரது நிகழ்ச்சி நடக்க இருந்தது. சட்டம் ஒழுங்கு கெடும் என்று போலீசார் அமைப்பாளர்களுக்கு எழுதினார்கள். நிகழ்ச்சி ரத்து! இரண்டு மாதத்தில் 12 நிகழ்ச்சிகள் மிரட்டலால் நின்றன என்றார் பரூக்கி.

சட்டத்தை எதிர்த்து வழக்குப் போடலாம். மண்டபக்காரரின் பயத்தை எதிர்த்து யார் வழக்குப் போடுவது?

அவரைக் குறை சொல்லிப் பயன் இல்லை. நாற்காலி உடைந்தால் நஷ்டம் அவருக்கு. மிரட்டுகிறவரைத் தடுக்க வேண்டியது போலீசார்.

பிடிக்காதவர் வீட்டில் இருக்கலாம். டிக்கெட் வாங்கியவர் சிரிக்கட்டும்!