காரன்வாலிஸ்: யாருக்கான சீர்திருத்தவாதி?

காரன்வாலிஸை நிர்வாகச் சீர்திருத்தவாதியாகக் கொண்டாடுவோர் இன்றும் உளர். யாருக்கான சீர்திருத்தம் அது?

1781இல் யார்க்டவுனில் அமெரிக்க, பிரெஞ்சுப் படைகளிடம் சரணடைந்த தளபதியையே 1786இல் கவர்னர் ஜெனரலாக இந்தியாவுக்கு அனுப்பியது பிரிட்டன். 1792இல் திப்பு சுல்தானின் நாட்டில் பாதியைப் பறித்தார். மைந்தர் இருவரைப் பிணையாகப் பிடித்தார். 1793இல் நிரந்தர நிலவரித் திட்டத்தால் வங்க உழவர்களை ஜமீன்தார்களிடம் ஒப்படைத்தார். ஜமீன்தார் கும்பெனிக்குக் கட்டும் வரிக்கு வரம்பு உண்டு. உழவர் ஜமீன்தாருக்குக் கட்டும் குத்தகைக்கு வரம்பில்லை. 1798இல் அயர்லாந்து மக்களின் எழுச்சியை நசுக்கியவரும் அவரே.

காஜிப்பூரில் அவர் கல்லறை கம்பீரமாக நிற்கிறது. ஆனால், விளைச்சலில் மூன்றில் இரு பங்கு கேட்டு 1946இல் எழுந்த தெபாகா உழவர்களே அவர் எழுதிய கணக்கைத் திருத்தப் புறப்பட்டவர்கள். போற்றத்தக்கோர் அவர்களே!