ஸ்டூல் போட்டால் போதுமா?



தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-ஆம் ஆண்டில் வந்தது. அதில் 2021-ஆம் ஆண்டு 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். கடையில் வேலை செய்யும் அனைவருக்கும் இருக்கை இருக்க வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்கார்ந்துகொள்ளலாம் என்பதே அதன் சாரம். கேரளத்தில் இதற்கு 2018-லேயே வழி பிறந்துவிட்டது. அதற்கு முன் கோழிக்கோடு மிட்டாய்த் தெருக் கடைகளில் வேலை பார்த்த பெண்கள் அதற்காகப் போராடினார்கள்.

நம் நண்பர்கள் பலரும் சொல்வது இது: "ஸ்டூல் வாங்கிப் போட்டேன். பையன்கள்தான் உட்கார மாட்டேன் என்கிறார்கள். நான் என்ன செய்ய?" அவர்கள் சொல்வது பொய்யல்ல. ஆனால் ஏன் உட்காரவில்லை என்று யோசித்தோமா?

பெரியவர் வந்தால் எழுந்து நிற்க வேண்டும் என்று வீட்டில் பழகிய பிள்ளைகள் அவர்கள். "உட்கார்ந்து தின்றால் மலையும் கரையும்" என்று கேட்டு வளர்ந்தவர்கள். முதலாளி கல்லாவில் இருக்கும்போது தான் உட்காருவது மரியாதைக் குறைவு என்று நினைக்கிறார்கள். வாடிக்கையாளர் சோம்பேறி என்று எண்ணுவாரோ என்ற கூச்சமும் உண்டு. சட்டம் ஒரே நாளில் மாறலாம். பழக்கம் அப்படி மாறாது.

என் கிடங்கில் மூட்டை தூக்க வரும் வடமாநிலத் தொழிலாளிகள் லாரி வரும்வரை குத்துக்காலிட்டு உட்கார்ந்திருப்பார்கள். நான் போனாலும் எழுவதில்லை. லாரி வந்துவிட்டால் மளமளவென்று இறக்கிவிடுகிறார்கள். அவர்களுக்கு உட்காருவதும் மரியாதையும் வேறு வேறு. அதற்காக அவர்கள் வேலையில் குறை சொல்ல முடியுமா?

உட்காருவது நம் கடை வழக்கத்துக்குப் புதிதும் அல்ல. அந்தக் கால மளிகைக் கடையில் சரக்கு நிறுப்பவர் தராசை முன்னால் வைத்துச் சம்மணமிட்டுத்தான் உட்கார்ந்திருந்தார். கணக்கப்பிள்ளையும் சாய்வு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தே எழுதினார். கவுண்ட்டர் வந்த பிறகுதான் ஆட்களை நாள் முழுக்க நிறுத்தி வைத்தோம். ஆகவே "நம் பண்பாடு" என்று சொல்லித் தப்பித்துக்கொள்வது சரியல்ல.

இன்னொன்றையும் மனம் திறந்து பேச வேண்டும். பையன் உட்காராமல் இருப்பதற்குப் பாதிக் காரணம் மரியாதை. மீதிப் பாதி நம் பார்வை. ஸ்டூலைப் போட்டுவிட்டு, அவன் உட்கார்ந்ததும் "அந்த டப்பாவை அடுக்கேன்" என்றால் மறுநாள் அவன் எப்படி உட்காருவான்? பத்து மணி நேரம் நின்றால் கால் வீங்கும், நரம்பு புடைக்கும். கடைசியில் பழகிய ஆள் வேலையை விட்டுப் போவான். நஷ்டம் நமக்குத்தான்.

கடை பத்தடிக்குப் பத்தடிதான் என்றால் மடக்கு ஸ்டூல் இருக்கிறது, சுவரில் பொருத்தும் பலகை இருக்கிறது. அதை மூலையில் போடாமல் ஆள் நிற்கும் இடத்திலேயே போடுங்கள். "கூட்டம் இல்லாதபோது உட்காரப்பா" என்று வாடிக்கையாளர் காதில் விழும்படி முதலாளியே சொல்லட்டும். கடையில் மூத்த ஆளை முதலில் உட்காரச் சொல்லுங்கள். அவர் உட்கார்ந்தால்தான் சின்னப் பையன்களுக்குத் துணிவு வரும்.