வெய்யிலைத் தாங்கும் கருவிகளே தேவை

வெல்லாவெளி உள்ளிட்ட படுவான்கரைக் கிராமங்களில் உச்சி வெய்யிலின் கடுமையை எவரும் எடுத்துரைக்கத் தேவையில்லை. கூரையிலுள்ள சூரியத் தகடுகள் மின்சாரத்தை அள்ளித் தருவதும் அவ்வேளையிலேயே. அதனை வீட்டுப் பாவனைக்கு ஏற்றதாக மாற்றும் இன்வேட்டர் கொதிப்பதும் அவ்வேளையிலேயே. 2016 இல் அரசாங்கம் 'சூரிய பல சங்கிராமய' திட்டத்தை ஆரம்பித்தது. பின்னர் மின்கட்டணம் 2022 ஓகஸ்டில் சராசரியாக 75 சதவீதத்தாலும், 2023 பெப்ரவரியில் 66 சதவீதத்தாலும் உயர்த்தப்பட்டது. அதன் பின்னர் சூரிய மின்சாரத்தை நாடாதோர் எவர்?

எனினும், வாங்குவோர் தகட்டின் அளவையும் விலையையும் விசாரிப்பதோடு நின்றுவிடுகின்றனர். இன்வேட்டருக்குள் இருக்கும் காந்த அகணியைப் பற்றி யாரும் கேட்பதில்லை. வழமையான பெரைற்று அகணிகளுள் சில வகைகள் 150 பாகை செல்சியசை எட்டுமுன்னரே காந்த இயல்பை இழந்துவிடுகின்றன. இக்குறையை வெல்லக்கூடிய நனோ பளிங்குக் கலப்புலோகத்தை ஜப்பானின் ஹிட்டாச்சி மெற்றல்ஸ் நிறுவன ஆய்வாளர்கள் 1988 இல் வெளியுலகிற்கு அறிவித்தனர். இரும்பு, சிலிக்கன், போரன் என்பவற்றுடன் சிறிதளவு செம்பும் நயோபியமும் சேர்ந்த இக்கலவை, உருகிய நிலையிலிருந்து கணப்பொழுதில் குளிர்விக்கப்பட்டு மெல்லிய நாடாவாக்கப்படுகின்றது. பின்னர் ஏறத்தாழ 550 பாகையில் சூடாக்கும்போது 10 நனோமீற்றர் அளவிலான பளிங்குகள் தோன்றுகின்றன. செம்பு அவற்றுக்கு வித்திட, நயோபியம் அவை பருக்காது தடுக்கின்றது. ஆனால் உலைச்சூடு 600 பாகையைத் தாண்டினால் பளிங்குகள் பருத்து, போரைட்டுகள் உருவாகி, மென்காந்த இயல்பு கெட்டுவிடும். கெட்ட அகணியையும் நல்ல அகணியையும் கண்ணால் பிரித்தறிய முடியாது.

எனவே, பரிசோதனையே நுகர்வோனுக்குப் பாதுகாப்பாகும். எத்தனை பாகைச் சூழல் வெப்பம் வரை முழு வலுவைத் தரும் என்பதை ஒவ்வோர் இன்வேட்டரின் மீதும் தமிழிலும் சிங்களத்திலும் பொறிக்கச் செய்ய வேண்டும். இது இலங்கைக் கட்டளைகள் நிறுவகமும் நிலைபெறுதகு வலு அதிகாரசபையும் கவனிக்க வேண்டிய விடயமாகும்.

வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகமும் ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகமும் உள்ளன. இவை இணைந்து, கிழக்கின் வெப்பத்திலேயே இக்கருவிகளைச் சோதிக்கும் ஆய்வுகூடம் ஒன்றை ஏன் அமைக்கக்கூடாது? வெல்லாவெளி விவசாயிக்கும் காத்தான்குடி வர்த்தகருக்கும் வெய்யில் ஒன்றே. கடன்பட்டு வாங்கிய கருவி பழுதானால் ஏற்படும் நட்டமும் ஒன்றே. இரு சமூகங்களுக்கும் பொதுவான இத்தேவையை உரியவர்கள் தாமதமின்றி நிறைவேற்ற முன்வர வேண்டுமென நாம் வலியுறுத்துகின்றோம்.