கூடப் போகிறவரிடம் யார் பேசுவது?

ஆடியில் முகூர்த்தம் கிடையாது. ஆனியில் முடியாத கல்யாணமெல்லாம் ஆவணியில் வந்து குவிகிறது. பிரிட்டனிலும் கனடாவிலும் முதுகலை வகுப்புகள் பெரும்பாலும் செப்டம்பரில் தொடங்குகின்றன. அதனால் தாலி கட்டிய ஈரம் காயும் முன்பே விமானம் ஏற நினைக்கும் தம்பதிகள் தஞ்சாவூரிலும் கும்பகோணத்திலும் மன்னார்குடியிலும் நம் வெளிநாட்டுக் கல்வி ஆலோசனை அலுவலகங்களுக்கு வருகிறார்கள். அவர்கள் கேட்பது ஒன்றுதான்: "ரெண்டு பேரும் சேர்ந்து போக முடியுமா, சார்?"

இதற்கான பதிலை நாம் படிக்கப் போகிறவரைப் பார்த்தே சொல்லிப் பழகிவிட்டோம். மதிப்பெண், ஐஇஎல்டிஎஸ், ஆஃபர் லெட்டர் எல்லாம் அவருடையவை. கூடப் போகிறவர் பக்கத்து நாற்காலியில் இருப்பார். பாஸ்போர்ட் நகலும் திருமணச் சான்றும் கேட்டு வாங்கியதோடு அவரிடம் நம் பேச்சு முடிந்துவிடும். ஆனால் அவரும் வேலையை விட்டுவிட்டுத்தான் வருகிறார். பல வீடுகளில் வங்கிக்குப் போவது அவருடைய நகை. அவரைத் தனி வாடிக்கையாளராக மதித்து, கட்டணம் வாங்கும் முன்பே அவரோடு தனியாகப் பேச வேண்டும் என்பது இந்த இதழின் உறுதியான கருத்து.

கடல் தாண்டுவது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் 'ரஜூலா' கப்பலில் போனவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் நம்மிடம் வருகிறார்கள். வளைகுடாவுக்குப் போன தலைமுறையும் உண்டு. அந்தப் பயணங்களில் பெரும்பாலும் ஆண் தனியாகப் போனார், மனைவி ஊரில் காத்திருந்தார். இருவரும் சேர்ந்து போவது நல்ல மாற்றம். அதை மனதார வரவேற்கிறோம். அதனாலேயே விதிகளைத் திருத்தமாகச் சொல்லும் பொறுப்பு நமக்குக் கூடுகிறது.

பிரிட்டனில் மாணவர்களின் குடும்பத்தினருக்கு வழங்கப்பட்ட விசாக்கள் 2019-இல் சுமார் 16,000. 2022-இல் அவை சுமார் 1,36,000 ஆயின. அதன் விளைவாக, 2024 ஜனவரி 1 முதல் தொடங்கும் படிப்புகளில் ஆராய்ச்சிப் பட்டம் படிப்பவர்களும் அரசு உதவித்தொகை பெறும் சிலரும் மட்டுமே துணையை அழைத்துச் செல்லலாம் என்று விதி மாறியது. வழக்கமான ஓராண்டு எம்.எஸ்ஸி.க்கு அந்தக் கதவு மூடிவிட்டது. கனடாவில் 2025 ஜனவரி 21 முதல், முதுகலையென்றால் குறைந்தது 16 மாதப் படிப்பாக இருந்தால்தான் துணைக்கு ஓபன் வொர்க் பெர்மிட் கிடைக்கும். முனைவர் பட்டத்துக்கும் சில தொழிற்படிப்புகளுக்கும் அந்த வாய்ப்பு நீடிக்கிறது. ஓராண்டு டிப்ளமாவுக்கு இல்லை. அமெரிக்காவில் மாணவரின் துணைக்கான எஃப்-2 விசாவில் போகிறவர் வேலையே செய்ய முடியாது. ஆஸ்திரேலியாவில் முதுகலை மாணவரின் துணைக்கு, படிப்பு தொடங்கிய பின் வேலை நேர வரம்பில்லை. இளங்கலை என்றால் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம்தான்.

நம்மிடம் வரும் பெண்களில் எம்.ஃபார்ம் முடித்தவர்களும் பி.இ. முடித்து வேலை பார்ப்பவர்களும் உண்டு. 'போனதும் ஏதாவது வேலை கிடைக்கும்' என்று அவர்களை எஃப்-2-வில் அனுப்பினால் இரண்டு வருடம் வீட்டுக்குள் உட்காரவைத்ததாக ஆகும். மனைவி படிக்க, கணவர் கூடப் போகும் தம்பதிகளுக்கும் இதே கணக்குத்தான். படிப்பவரின் விசா ரத்தானால் துணையின் விசாவும் போய்விடும், மணமுறிவு ஏற்பட்டாலும் அந்த விசா பெரும்பாலும் நிலைக்காது என்பதைத் துணையிடம் நேரில் சொல்ல வேண்டும். படிப்பவர் வழியாகச் சொல்லி அனுப்பினால் அது போய்ச் சேராது.

பணத்துக்கு வருவோம். டெல்டாக் குடும்பத்தின் பணம் நெல்லோடு வந்து நெல்லோடு போகும். சம்பாவும் தாளடியும் தை, மாசியில் அறுவடையாகி, நேரடி கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்கான தொகை வங்கிக் கணக்கில் ஏறும்போது கையிருப்பு உச்சத்தில் இருக்கும். கூட்டுறவுக் கடன், நகை மீட்பு, குறுவை நாற்றங்கால் என்று ஆனிக்குள் அது கரைந்துவிடும். செப்டம்பர் சேர்க்கைக்கு விண்ணப்பம் போவதோ ஆனி, ஆடியில். பிரிட்டன் விதிப்படி தேவையான தொகை தொடர்ந்து 28 நாள் கணக்கில் குறையாமல் இருக்க வேண்டும். துணையும் போகலாம் என்ற நிலையில், லண்டனுக்கு வெளியே அவருக்காக மாதம் 680 பவுண்டு வீதம் ஒன்பது மாதத்துக்குக் கூடுதலாகக் காட்ட வேண்டும்.

இந்த இடத்தில்தான் வட்டிக்காரர் உள்ளே வருகிறார். ஒரு மாதம் பணத்தைக் கணக்கில் போட்டுக் காட்டிவிட்டு எடுத்துக்கொள்கிற ஏற்பாடு நம் ஊர்களில் நடக்கிறது என்பது இதைப் படிக்கும் எல்லோருக்கும் தெரியும். அதற்குத் துணைபோகாதீர்கள். பிரிட்டனில் மோசடி என்று முடிவானால் பத்து ஆண்டுகள் வரையிலும் கனடாவில் தவறான தகவலுக்கு ஐந்து ஆண்டுகளும் தடை விழுகிறது. அங்கே போய் இறங்கும் தம்பதியின் கையில் அந்தப் பணமும் இருக்காது.

வேலிக்கணக்கில் நிலம் இருந்தாலும் கடன் எளிதல்ல என்பதை மாணவரின் அப்பாவிடம் பொறுமையாக விளக்க வேண்டியிருக்கிறது. வாராக்கடனை வங்கிகள் நீதிமன்றம் போகாமல் மீட்க வழிசெய்யும் 2002-ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டம் விவசாய நிலத்தைத் தொடுவதில்லை. அதனால் நஞ்சையை அடமானமாக ஏற்க வங்கிகள் தயங்குகின்றன. மனைக்கட்டும் வீடும் கேட்கின்றன. இரண்டும் இல்லாதபோது கடைசியில் மிஞ்சுவது மருமகள் நகை. வேலை செய்ய அனுமதியில்லாத ஒரு நாட்டுக்குத் தன் நகையை அடகு வைத்துப் போகிறோம் என்பது அந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருக்க வேண்டும். நகை யார் பெயரில் அடகு போகிறது, யார் மீட்பார் என்பதை மாமனார் மாமியார் இருக்கும் அறையில் கேட்டால் அவர் வாய் திறக்க மாட்டார். தனியாகக் கேளுங்கள், முடிந்தால் உங்கள் அலுவலகத்துப் பெண் ஊழியர் கேட்கட்டும்.

ஆவணங்களில் இன்னொரு சிக்கல் நாள் கணக்கில் இருக்கிறது. ஆனியில் ஆஸ்திரேலியாவுக்குத் தனியாள் என்று விண்ணப்பித்து, முடிவு வரும் முன் ஆவணியில் கல்யாணம் ஆனால், அதை உடனே தெரிவித்தாக வேண்டும். மறைத்துவிட்டுப் பிறகு அதே மாணவர் விசாவின் கீழ் துணையை அழைக்க முயன்றால் வழி அடைபட்டிருக்கும். 'இப்போது சொன்னால் ஃபைல் தாமதமாகும், போன பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று சொல்லும் ஆலோசகர் அந்தத் தம்பதியைப் பிரித்து வைக்கிறார்.

தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம், 2009-இன்படி 90 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். கோயில் ரசீதும் மண்டபப் படமும் அதற்கு ஈடாகாது. புதுப்பெண்ணின் பாஸ்போர்ட்டில் தந்தை பெயரும் சான்றில் கணவர் பெயரும் இனிஷியலாக நின்றால் கேள்வி வரும். பயண அவசரத்தில் பெயர் மாற்றத்தில் இறங்காமல், இருக்கும் பெயரிலேயே எல்லாவற்றையும் ஒருமைப்படுத்துவது நல்லது.

சில தம்பதிகளிடம், ஒருவர் முன்னால் போய் வீடும் பகுதிநேர வேலையும் பார்த்துக்கொள்ளட்டும், மற்றவர் தை அறுவடைப் பணம் கைக்கு வந்த பின் சேரட்டும் என்று சொல்வதே சரியான ஆலோசனை. துணைக்கு விசா தரும் நாட்டிலும் படிப்பிலும் மட்டுமே இது பொருந்தும். இதனால் நம் கமிஷன் குறைவதில்லை. பல்கலைக்கழகம் தருவது மாணவர் சேர்க்கைக்குத்தான். துணை இங்கேயே வேலையில் இருந்தால் அந்த ஆறு மாதச் சம்பளமும் நகைக்கடனுக்குப் போகும். இதைச் சொல்லும்போது கணவர் முகத்தை மட்டும் பார்க்காதீர்கள். மனைவியிடமும் கேளுங்கள்: "உனக்கு என்னம்மா தோணுது?"