பெயரின் எழுத்துகள் எத்தனை?

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், வத்திராயிருப்பை அடுத்துள்ள ஊர் மகாராஜபுரம். இப்பெயரில் 7 எழுத்துகள் உள்ளன என்று தொடக்கப்பள்ளி மாணவரும் எண்ணிச் சொல்லிவிடுவர். பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட் போன்ற நிரல்மொழிகளோ 11 என விடையளிக்கும். 1991இல் வெளிவந்த ஒருங்குறியின் முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றுவிட்டது. ஆனால், அதில் 247 எழுத்துகளுக்கும் தனித்தனி எண்கள் இல்லை. உயிர், அகரமேறிய மெய், துணைக்குறி, புள்ளி, ஆய்தம் ஆகியவற்றுக்கே எண்கள் உண்டு. 'கா' என்பது ககரமும் துணைக்காலும். 'ம்' என்பது மகரமும் புள்ளியும். நிரல்மொழி எண்ணுவது இவ்வெண்களையே.

இதனால் விளையும் கேடு சிறிதன்று. படிவமொன்றில் ஊர்ப்பெயருக்கு 10 இடங்கள் போதும் என்று நிரலாளர் வரையறுத்தால், இறுதிப்புள்ளி வெட்டுண்டு 'மகாராஜபுரம' என்றே பதிவாகும். எந்தக் கருவியும் எச்சரிக்காது. அவற்றின் கணக்கில் நிரல் பிழையற்றது.

இராசபாளையத்தை அடுத்த கொல்லங்கொண்டானின் நிலை இன்னும் நுட்பமானது. 'கொ' என்பதன் துணைக்குறியை ஒரே எண்ணாலும் எழுதலாம். ஒற்றைக்கொம்பு, துணைக்கால் என இரண்டு எண்களாலும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஒரு முறையில் பதிந்த பெயரை மறுமுறையில் தேடுபவருக்கு 'பதிவு இல்லை' என்னும் மறுமொழி கிடைக்கக்கூடும். உதவித்தொகைப் பட்டியலில் தம் பெயரைத் தேடும் முதியவர் ஒருவர், அம்மறுமொழியைத் தம் தகுதியின்மை என்றே கொள்வார்.

2014இல் அறிமுகமான ஸ்விஃப்ட் மொழி மகாராஜபுரத்துக்கு 7 என்றே விடை தரும். இருவகைக் 'கொ'வையும் ஒன்றெனக் கொள்ளும். பைத்தானில் தமிழ் எழுத்துகளை முறையாகப் பிரித்தெண்ண 'ஓப்பன் தமிழ்' என்னும் கட்டற்ற நிரல்தொகுப்பு உள்ளது. 'எழில்' என்னும் தமிழ் நிரல்மொழியை உருவாக்கிய முத்து அண்ணாமலையின் முயற்சியில் வளர்ந்தது அது.

நல்ல கருவி கிடைத்துவிட்டால் நல்ல நிரல் அமைந்துவிடும் என்பர் சிலர். அவர்கள் ஸ்ரீவில்லிபுத்தூரை ஒருமுறை தேடிப் பார்க்கலாம். ஒருங்குறியில் 'ஶ' என்னும் எழுத்து 2005இல்தான் சேர்க்கப்பட்டது. அதுவரை 'ஸ' கொண்டே 'ஸ்ரீ' எழுதப்பட்டது. இன்று இருவகையும் வழக்கில் உள்ளன. பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே வடிவில் தோன்றினும், ஒருங்குறி விதிப்படி அவை வேறு வேறு. எனவே ஸ்விஃப்டும் இங்கே கைவிட்டுவிடும். திருவில்லிபுத்தூர் என எழுதுவாரும் உளர். மூன்றும் ஓரூரே என்பதை எக்கருவி அறியும்?

அவ்வட்டாரத்தை அறிந்த ஒருவர் சோதனைப் பட்டியலில் இப்பெயர்களைச் சேர்த்திருக்க வேண்டும். பெரும்பாலான சோதனைகளிலோ ஆங்கிலப் பெயர்களே நிரம்பியுள்ளன. அவற்றில் வென்ற நிரலைத் தரமானது என்று சான்றளிப்பது பொருந்தாது. புள்ளியிழந்த பெயரோடு வட்டாட்சியர் அலுவலகத்துக்கு இருமுறை நடப்பவர், அந்நிரலை எழுதியவர் அல்லர்.